இரண்டு ஊரில் தங்கி எட்டு நாள்: தென் பிரான்சின் பழைய நகரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென் பிரான்சுக்குப் போகப்போவதாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ஊரில் தங்குகிறீர்கள்?" என்பதைத்தான். ஏழு நாளுக்கு ஏழு ஊர்ப் பெயர் வந்தால் எனக்கு மனசு கேட்காது. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். காலையில் பெட்டியைக் கட்டுவது, ரயிலைப் பிடிப்பது, மத்தியானம் புது ஓட்டலில் பெட்டியைப் போடுவது, வெளிச்சம் போவதற்குள் ஒரு கோட்டையைச் சுற்றுவது. வீடு திரும்பிப் படங்களைப் பார்த்தபோது எது ஆர்ல் அரங்கம், எது நீம் அரங்கம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த வருத்தத்தில்தான் இரண்டாம் முறை இரண்டே ஊரில் தங்கினேன்.

அப்போதுதான் இந்த ஊர்களின் குணம் பிடிபட்டது. இங்கே பழைய கட்டடங்கள் பெரும்பாலும் யாரோ குடியிருந்ததால் மிஞ்சியவை. ரோமானியர் சண்டை பார்த்த அரங்கத்துக்குள் பின்னால் வந்தவர்கள் வீடு கட்டினார்கள். கோயில் குதிரை லாயமானது. போப்பரசரின் அரண்மனையில் சிப்பாய்கள் படுத்துத் தூங்கினார்கள். தண்ணீர் கொண்டுபோன பாலத்தில் மாட்டு வண்டி போனது. கட்டியவர்களைப் பற்றி எல்லா பலகையிலும் எழுதியிருக்கும். குடியிருந்தவர்களின் தடயத்தை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். கீழே உள்ள திட்டம் அந்த நேரத்தைத் தருவதற்காகவே போடப்பட்டது: அவிஞ்ஞோனில் 4 இரவு, நீமில் 3 இரவு, கடைசியில் மார்செயில் ஒரு இரவு.

முதலில் மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை, இல்லையென்றால் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் மத்தியான வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் கல் அரங்கத்தின் படிக்கட்டில் உட்கார முடியாது. நமக்கு வெயில் பழக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். அங்கே மின்விசிறிகூட இல்லாத பழைய அறைகள் நிறைய இருக்கின்றன. ஜூலையில் இன்னொரு சிக்கல்: அவிஞ்ஞோனில் 1947-இல் ழான் விலார் தொடங்கிய நாடக விழா நடக்கும். நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு.

வசந்த காலத்தில் போனால் மிஸ்த்ரால் என்ற காற்றுக்குத் தயாராக இருங்கள். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று. சில நாட்களில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தைத் தொடும். வானம் கண்ணாடி மாதிரி நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், ஆனால் காது விறைத்துப்போகும். மே மாதமாக இருந்தாலும் காற்றைத் தடுக்கும் மேல்சட்டை ஒன்று பெட்டியில் இருக்கட்டும்.

விசாவும் ரயிலும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டன், கனடா குடியுரிமை பெற்றவர்கள் 180 நாளுக்குள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். கோடை நெருங்க நெருங்க நேர்காணல் தேதி கிடைப்பது கஷ்டமாகிவிடும், அதனால் தேதியை முதலில் வாங்கிக்கொண்டு மற்ற காகிதங்களைச் சேருங்கள்.

பாரிஸில் இறங்கினால் கார் து லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயில் அவிஞ்ஞோனுக்கு 2 மணி 40 நிமிடத்தில் போய்விடும். சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு அடியிலிருந்தே நேரடியாகப் போகும் ரயில்களும் உண்டு. பெட்டிகளோடு பாரிஸுக்குள் நுழைய விருப்பமில்லாதவர்கள் அதைப் பிடிக்கலாம். அதிவேக ரயிலின் கட்டணம் விமானச் சீட்டு மாதிரி ஏறிக்கொண்டே போகும், முன்பதிவு திறந்ததும் எடுப்பவர்களுக்குத்தான் லாபம். ஊருக்கு ஊர் போகும் உள்ளூர் ரயிலுக்கு இந்த அவசரம் தேவையில்லை. விலை நிலையானது, இருக்கை எண் கிடையாது, அன்றைக்கு எடுத்தாலே போதும்.

பாரிஸில் அரைநாள் கிடைத்தால் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பக்கம் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வாரத்துக்கு ஊறுகாய், மிக்சர், வடை எது வேண்டுமோ அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தெற்கே போனபின் அந்த வசதி குறைவு.

ஒரு முக்கியமான விஷயம்: அவிஞ்ஞோனில் இரண்டு ரயில் நிலையம். அதிவேக ரயில் நிற்கும் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து ஒரு சின்ன ரயில் சில நிமிடங்களில் மதிலை ஒட்டிய மைய நிலையத்துக்குக் கொண்டுவிடும். ஓட்டல் மதிலுக்குள் என்றால் மைய நிலையத்தில் இறங்கி, எதிரே தெரியும் வாசல் வழியாக நேரே நடந்தால் போதும்.

ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போது கடைசி எழுத்துகளை விட்டுவிடுங்கள். நீம், ஆர்ல், ஒராஞ்ச். பலகையில் எழுதியிருப்பதை அப்படியே படித்தால் சீட்டுக் கொடுப்பவருக்குப் புரியாது. கடைக்குள் நுழைந்ததும் "போன்ஷூர்" சொல்ல மறக்காதீர்கள். அது சொல்லாமல் நேராக விலை கேட்பது அங்கே முகத்தில் அடித்த மாதிரி. நாம் வேண்டுமென்று செய்வதில்லைதான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது தெரியாது.

எந்தக் கிழமை இறங்குவது

புதன்கிழமை. இதைப் பலமுறை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். புதன் மாலை அவிஞ்ஞோன் வந்தால், வியாழன் ஒராஞ்சில் சந்தை நாள், வெள்ளி அவிஞ்ஞோன், சனி ஆர்லில் பெரிய சந்தை, ஞாயிறு நீமுக்கு மாறுவது, திங்கள் பொன் து கார் பாலம், செவ்வாய் ஏக்மோர்த் அல்லது கார்கசோன், அடுத்த புதன் மார்செய் என்று எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்துவிடும். அருங்காட்சியகங்களின் வாராந்திர விடுமுறையும் பெரும்பாலும் இடிக்காது. ஆர்லின் தொல்பொருள் காட்சியகமும் மார்செயில் உள்ள மூசெம் என்ற அருங்காட்சியகமும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும்.

வியாழன்: ஒராஞ்ச், அரைநாள் போதும்

அவிஞ்ஞோன் மைய நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் இருபது நிமிடத்துக்குள். சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேராக ரோமானிய நாடக அரங்குக்குப் போங்கள். மேடைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சுவர் 103 மீட்டர் நீளம், 37 மீட்டர் உயரம். இவ்வளவு முழுசாக நிற்கும் மேடைச் சுவர் ரோமப் பேரரசில் இருந்த இடங்களிலேயே மிகச் சிலதான். நடுவில் மாடத்தில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் 3.5 மீட்டர் உயரச் சிலை. மேல் வரிசைக்கு ஏறி உட்கார்ந்து, கூட வந்தவரை மேடையில் சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள், கேட்கும்.

16-ஆம் நூற்றாண்டின் மதச் சண்டைகளின்போது ஊர் மக்கள் பாதுகாப்புக்காக இந்த அரங்கத்துக்குள்ளேயே வீடு கட்டிக் குடியேறினார்கள். அந்த வீடுகளை அகற்றி அரங்கத்தை வெளியே எடுத்தது 19-ஆம் நூற்றாண்டில். சுவரில் காரணமில்லாமல் தெரியும் துளைகள், பள்ளங்களில் பல அந்த வீடுகளின் உத்தரம் செருகியவை. 1869-இல் இங்கே மறுபடியும் இசை நிகழ்ச்சி தொடங்கியது. ஒவ்வொரு கோடையும் இன்றும் ஓபரா நடக்கிறது.

நெதர்லாந்து அரச குடும்பத்தின் பெயரில் இருக்கும் ஒராஞ்ச் இந்த ஊர்தான். 1544-இல் இந்தச் சிற்றரசு நசாவ் வம்சத்து வில்லியமுக்கு வாரிசுரிமையில் வந்தது. பிரான்சோடு சட்டப்படி சேர்ந்தது 1713-இல். ஊரின் வடக்கு எல்லையில் இருக்கும் வெற்றி வளைவையும் பார்த்துவிட்டு மத்தியானமே திரும்பிவிடலாம்.

வெள்ளி: அவிஞ்ஞோனுக்கு ஒரு முழு நாள்

1309 முதல் 1377 வரை போப்பரசர்கள் ரோமில் இல்லை, இங்கே இருந்தார்கள். ஏழு பேர். மூன்றாமவரான பன்னிரண்டாம் பெனடிக்ட் 1335-இல் அரண்மனையைத் தொடங்கினார். அடுத்து வந்த ஆறாம் கிளமென்ட் அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார். இருபது ஆண்டுக்குள் பெரும்பகுதி முடிந்துவிட்டது. 1348-இல் அதே கிளமென்ட், நேப்பிள்ஸ் அரசி ஜோவான்னாவிடமிருந்து ஊரையே 80,000 பொற்காசுக்கு விலைக்கு வாங்கினார். அதனால் அவிஞ்ஞோன் 1791 வரை போப்பின் சொத்தாக இருந்தது, பிரான்சுக்குள்ளே பிரான்ஸ் இல்லாத ஓர் ஊர்.

அரண்மனை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ரோன் ஆற்றின் மேலுள்ள பழைய பாலத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு கிடைக்கும், அதை எடுப்பதுதான் சிக்கனம். உள்ளே கையில் ஒரு டேப்லெட் தருவார்கள். வெறுஞ்சுவரை நோக்கிப் பிடித்தால் அந்த அறை 14-ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்தது என்று திரையில் காட்டும். நல்ல கருவிதான், ஆனால் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கிறேன். மான் அறை என்ற சின்ன அறைக்கு வந்ததும் அதைக் கீழே வைத்துவிடுங்கள். போப்பின் சொந்தப் படிப்பறை அது. நான்கு சுவரிலும் வேட்டை, மீன் பிடித்தல், பழம் பறித்தல், குளத்தோரம் வலையோடு நிற்கும் ஆட்கள். 1343-இல் தீட்டியது. கடவுள் படம் ஒன்றுகூட இல்லாத போப்பரசர் அறை. நான் அங்கே அரை மணி நேரம் நின்றேன்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு இந்த அரண்மனை ராணுவக் குடியிருப்பானது. 1906 வரை சிப்பாய்கள் இருந்தார்கள். சுவரோவியத்தின் முகங்களை வெட்டியெடுத்து விற்றவர்களும் அவர்களில் உண்டு. மத்தேயோ ஜோவனெத்தி தீட்டிய ஓவியங்களுக்கு நடுவே சில இடங்களில் வெறும் சுண்ணாம்பு தெரிகிறது. சேதம்தான். ஆனாலும் கூரையோடு அரண்மனை நின்றதற்கு அந்தச் சிப்பாய்கள் குடியிருந்ததும் ஒரு காரணம் என்பதை மறக்க முடியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டை 12-லிருந்து 2-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். 2 மணி தாண்டினால் பல சமையலறைகள் மூடிவிடும், இரவு 7-க்கு மேல்தான் மறுபடி அடுப்பு எரியும். ஊர் நடுவில் உள்ள லே ஆல் என்ற மூடிய சந்தை காலையில் மட்டும், திங்கள் தவிர, திறந்திருக்கும். அங்கே ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ், தக்காளி, ஆலிவ் வாங்கிக்கொண்டு அரண்மனைக்குப் பின்னால் ரோஷே தே தோம் குன்றின் தோட்டத்துக்கு ஏறினால் அதைவிட நல்ல சாப்பாட்டு இடம் கிடையாது. கீழே ரோன் ஆறு, அதில் பாதியில் நின்றுபோன பாலம்.

அந்தப் பாலத்துக்கு ஒரு காலத்தில் 22 வளைவுகள். இன்று நிற்பவை 4. வெள்ளம் வரும், வளைவு போகும், கட்டுவார்கள், மறுபடி போகும். 17-ஆம் நூற்றாண்டில் கைவிட்டுவிட்டார்கள். பாலத்தின் மேல் போனால் பாலம் தெரியாது என்பதால், கரையிலிருந்து பார்த்தலாஸ் தீவுக்குப் போகும் இலவசப் படகில் ஏறுங்கள். அக்கரையிலிருந்து பாலம், மதில், அரண்மனை மூன்றும் ஒரே பார்வையில் விழும். மாலை வெயில் சுவரில் படும்போது சரியான நேரம்.

தெம்பு இருந்தால் அப்படியே ஆற்றைக் கடந்து வில்னெவ் ஊருக்குப் போகலாம். பாலத்தின் பழைய மறுமுனை அங்கேதான் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் போப், அந்தப் பக்கம் பிரான்ஸ் அரசன். பாலம் முடிந்த இடத்தில் அரசன் நான்காம் ஃபிலிப் ஒரு காவல் கோபுரம் கட்டி வைத்தான். பாலம் போய்விட்டது, கோபுரம் மட்டும் ஆற்றை விட்டுத் தள்ளித் தனியாக நிற்கிறது.

சனி: ஆர்ல்

ரயிலில் இருபது நிமிடம். காலையில் புலவார் தே லீஸ் சாலை முழுக்கச் சந்தை. ஆலிவ் வகைகள், லாவெண்டர் தேன், அரிசி. ஆமாம், அரிசி. ஆர்லுக்குத் தெற்கே ரோன் கடலில் கலக்கும் கமார்க் சதுப்பில்தான் பிரான்சின் நெல் விளைகிறது. சிவப்பு அரிசியும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த வயல்களை மறுபடி விளையச் செய்தவர்கள் வியட்நாமிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். போர் வேலைக்கென்று கப்பலில் ஏற்றி வந்த சுமார் 20,000 பேரில் ஒரு பகுதியினர். நாற்று நடத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அந்த அரிசிப் பையைக் கையில் எடுத்தபோது எனக்கு நம் ஊரிலிருந்து மலேயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவர்கள் ஞாபகம் வந்தது.

அரங்கம் கி.பி. 90 வாக்கில் கட்டியது, சுமார் 20,000 பேர் உட்காரலாம். ரோமப் பேரரசு சரிந்தபின் ஊர் மக்கள் இதையே கோட்டையாக்கி உள்ளே 200 வீடும் இரண்டு சிறு தேவாலயமும் கட்டிக்கொண்டார்கள். வெளி வளைவுகளை அடைத்து மதிலாக்கினார்கள். 1820-களில்தான் வீடுகளை எடுக்கத் தொடங்கினார்கள். கோட்டையாக இருந்த காலத்தில் கட்டிய காவல் கோபுரங்களில் மூன்று இன்னும் நிற்கின்றன. ஒன்றில் ஏறலாம். மேலேயிருந்து ஒரு பக்கம் அரங்கத்தின் வட்டம், மறுபக்கம் ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் ஆறு. அந்த வட்டத்துக்குள் தெருவும் வாசலும் துணி காயப்போடும் கொடியுமாக ஓர் ஊரே இருந்ததை அங்கே நின்று கற்பனை செய்ய முடிகிறது.

அங்கிருந்து செந்த்ரோஃபீம் தேவாலயத்தின் வாசல் சிற்பமும் உள்முற்றமும் பாருங்கள், 12-ஆம் நூற்றாண்டு. நகராட்சிக் கட்டடத்துக்குள் புகுந்து படியிறங்கினால் பழைய ரோமானியச் சதுக்கத்தைத் தாங்கிய நிலத்தடி வளைவறைகள். வெயில் நாளில் உள்ளே குளுகுளு என்றிருக்கும், தரை ஈரம், செருப்பு வழுக்கும்.

வான்கோவின் ஓவியத்தைத் தேடி ஆர்லுக்கு வருபவர்கள் பலர். அவர் 1888 பிப்ரவரியிலிருந்து 1889 மே வரை இங்கே இருந்தார். சுமார் 300 ஓவியமும் கோட்டுப்படமும் இந்தப் பதினைந்து மாதத்தில் பிறந்தவை. ஆனால் அவை உலகின் வேறு நகரங்களில் இருக்கின்றன. அவர் பெயரில் உள்ள அறக்கட்டளையின் கூடத்தில் கடனாக வாங்கிவந்தவற்றைக் காட்டுகிறார்கள். அவர் குடியிருந்த மஞ்சள் வீடு 1944-இல் குண்டுவீச்சில் போய்விட்டது. மிஞ்சியிருப்பது காதை அறுத்துக்கொண்டபின் அவர் படுத்திருந்த மருத்துவமனை. அதன் முற்றத்துத் தோட்டத்தை அவர் வரைந்த படம் மாதிரியே பராமரிக்கிறார்கள். இலவசம். அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

மத்தியானத்தில் நேரம் இருப்பவர்கள் ஊர் ஓரத்தில் உள்ள தொல்பொருள் காட்சியகத்துக்குக் கட்டாயம் போக வேண்டும். ரோன் ஆற்றுச் சேற்றிலிருந்து 2011-இல் தூக்கிய ரோமானியச் சரக்குப் படகு, 31 மீட்டர் நீளம், மரம் மரமாகவே இருக்கிறது. முழுகிய அன்று ஏற்றியிருந்த கல் பாரமும் அதே இடத்தில். எனக்கு இந்தப் பயணம் முழுவதிலும் மிகப் பிடித்த ஒற்றைப் பொருள் இதுதான்.

ஞாயிறு: நீமுக்கு மாறுதல்

அவிஞ்ஞோனிலிருந்து நீம் உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு அரங்கம், மேசோன் கரே என்ற ரோமானியக் கோயில் இரண்டுக்கும் குன்றின் மேலுள்ள மாஞ் கோபுரத்துக்கும் சேர்த்துச் சீட்டு எடுங்கள்.

அரங்கம் 133 மீட்டருக்கு 101 மீட்டர், சுமார் 24,000 பேர் உட்காரும் அளவு. ஆர்ல் அரங்கத்தைவிட வெளிச்சுவர் முழுசாக இருக்கிறது. இங்கேயும் உள்ளே குடியிருப்பு இருந்தது. முந்தின நாள் ஆர்லைப் பார்த்திருப்பதால் இதில் ஒரு மணி நேரம் போதும்.

மிச்ச நேரத்தை மேசோன் கரேயில் செலவிடுங்கள். உலகத்தில் முழுசாக நிற்கும் ரோமானியக் கோயில்களில் ஒன்று, 2023-இல்தான் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அது பிழைத்ததும் அதே காரணத்தால்தான்: நகர மன்றமாக, ஒருவருடைய வீட்டுக் குதிரை லாயமாக, துறவிகளின் தேவாலயமாக, அரசு அலுவலகமாக, ஆவணக் களஞ்சியமாக, காட்சியகமாக ஒவ்வொரு காலத்திலும் யாரோ பயன்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

படியேறுவதற்கு முன் முகப்பின் தூண்களுக்கு மேலே உள்ள கல் பட்டையைக் கூர்ந்து பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். முதலில் பார்க்கும்போது பூச்சி அரித்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அங்கே வெண்கல எழுத்துகள் பதித்திருந்தார்கள். எழுத்துகளை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட, ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. 1758-இல் நீம்காரரான ழான் ஃபிரான்சுவா செகியே என்ற அறிஞர் அந்த ஓட்டைகளின் இடைவெளியைக் கணக்கிட்டு, எந்த எழுத்துக்கு எங்கெங்கே ஆணி வரும் என்று பொருத்திப் பொருத்தி வாசகத்தைப் படித்துவிட்டார். அகஸ்டஸின் மகன்கள் கேயஸ், லூசியஸ் என்று வந்தது. உண்மையில் பேரன்கள், அவர் தத்தெடுத்தவர்கள். இருவரும் இளம் வயதில் இறந்துபோனவர்கள். எழுத்து போனபின் ஓட்டையைப் படித்த அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

தெருவில் நடக்கும்போது தரையில் பதித்த பித்தளைக் குமிழ்களைக் கவனியுங்கள்: பனைமரத்தில் கட்டிய முதலை. எகிப்தை வென்றதன் நினைவாக இங்கே அடித்த ரோமானிய நாணயத்தின் சின்னம், இன்றைக்கு நகராட்சிச் சின்னம். டெனிம் துணிக்கும் இந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள். மாலையில் லா ஃபோந்தேன் தோட்டம் வழியாக மாஞ் கோபுரம் வரை ஏறுங்கள்.

திங்கள்: தண்ணீரின் பின்னால்

பொன் து கார், ரோமானியர் நீமுக்குத் தண்ணீர் கொண்டுவரக் கட்டிய பாலம். அதற்கு நீம் பேருந்து நிலையத்திலிருந்து மண்டலப் பேருந்து போகிறது, முக்கால் மணி நேரம். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், வார நாள் அட்டவணையை நம்பி, அந்தி சாயும்வரை சாலையோரம் காத்திருந்தேன். ஞாயிறுக்கும் பள்ளி விடுமுறைக்கும் அட்டவணை தனி. இந்தத் திட்டத்தில் பாலத்தைத் திங்களுக்குத் தள்ளியதே அதனால்தான்.

உய்செஸ் ஊருக்கு அருகே உள்ள ஊற்றிலிருந்து நீம் வரை 50 கி.மீ. கால்வாய். இவ்வளவு தூரத்துக்கும் மொத்தச் சரிவு சுமார் 12.6 மீட்டர்தான். கிலோமீட்டருக்குச் சராசரி 25 செ.மீ. அந்தச் சரிவு கெடாமல் கார்தோன் ஆற்றைத் தாண்ட மூன்று அடுக்கில் 49 மீட்டர் உயரத்துக்குப் பாலம் எழுப்பினார்கள். முதலாம் நூற்றாண்டில். கீழ் இரண்டு அடுக்கிலும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காரை கிடையாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள் சாரம் கட்டுவதற்காக விட்டவை. மேலே தண்ணீர் ஓடிய கால்வாய்க்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும்.

தண்ணீர் நின்றபின் இது நடைபாலமானது. வண்டி போக இடம் வேண்டுமென்று இரண்டாம் அடுக்குத் தூண்களைக் குடைந்தார்கள், பாலம் பலவீனமானது. கடைசியில் 1740-களில் பக்கத்தில் ஒட்டியே ஒரு சாலைப் பாலம் கட்டினார்கள். இன்று நாம் நடப்பது அதில்தான். வெயில் காலமென்றால் மாற்றுத் துணி எடுத்துப்போங்கள், ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம், வளைவுகளை அண்ணாந்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல கோணம் இல்லை.

நீம் திரும்பியதும் படுத்துவிடாதீர்கள். தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் கதை முடியும். லாம்பேஸ் தெருவில் கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு வட்டத் தொட்டி. கால்வாய் வந்து விழுந்த இடம். சுவரில் பத்து ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் ஈயக் குழாய் செருகி ஊருக்குப் பிரித்து அனுப்பினார்கள். கும்பல் இல்லை, சீட்டு இல்லை. பாலத்தைப் பார்க்க வரும் ஆயிரக்கணக்கானவர்களில் இங்கே வருபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

செவ்வாய்: இரண்டில் ஒன்று

கார்கசோன், நீமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய 2 மணி நேரம். இரட்டை மதில், 52 கோபுரம். 1849-50-இல் அரசு இதை இடிக்க விட்டுவிடப் பார்த்தது, உள்ளூர்க்காரர்கள் போராடித் தடுத்தார்கள். 1853-இல் கட்டடக் கலைஞர் வியோலே லே துக் பழுதுபார்க்கத் தொடங்கினார். கோபுரங்களில் அவர் போட்ட கூம்புக் கூரை இந்த ஊருக்கு உரியதே அல்ல, வடக்கத்திப் பாணி என்று அன்றே சண்டை. இரண்டு மதிலுக்கும் நடுவே ஏழை நெசவாளர்களின் வீடுகள் இருந்தன. அவற்றையும் அப்போது அகற்றிவிட்டார்கள். ஊருக்குள் நுழைய, மதில்களுக்கிடையே நடக்கக் கட்டணம் இல்லை, கோட்டைக்கும் மதில் மேல் நடப்பதற்கும் மட்டுமே சீட்டு. பகலில் நினைவுப்பொருள் கடைகளின் நெரிசல் தாங்காது. மாலை 6-க்குப் பிறகு ஊர் அடங்கும். அதனால் ஒரு இரவு தங்க முடிகிறவர்களுக்கு மட்டுமே இதைச் சொல்வேன்.

போய்வர மட்டும் என்றால் என் தேர்வு ஏக்மோர்த். நீமிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம். பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி சிலுவைப் போருக்காக உருவாக்கிய துறைமுகம். 1248-இலும் 1270-இலும் இங்கிருந்துதான் கப்பலேறினார். செவ்வக மதில் மேலே முழுசாகச் சுற்றி வரலாம். ஒரு பக்கம் உப்பளம், பருவம் வாய்த்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும்.

மூலையில் உள்ள கோன்ஸ்தான்ஸ் கோபுரம் பின்னாளில் புரொட்டஸ்டன்ட் பெண்களின் சிறை. மரி துரான் என்பவரை 1730-இல் 19 வயதில் உள்ளே போட்டார்கள். அவருடைய அண்ணன், அன்று தடைசெய்யப்பட்டிருந்த அந்த மதத்தின் போதகர், அதுதான் குற்றம். மதத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெளியே போகலாம். சொல்லவில்லை. 1768-இல் வெளியே வந்தபோது 38 ஆண்டு ஆகியிருந்தது. மேல்தளத்தின் நடுவில் உள்ள துவாரத்தின் கல் விளிம்பில் "எதிர்த்து நில்" என்ற பொருளில் ஒரு சொல் கீறியிருக்கிறது. அவர் கீறியது என்று சொல்கிறார்கள். இப்போது அதன் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். எழுத்து கோணல்மாணலாக, எழுத்துப்பிழையோடு இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

"சான் வியாந்த், சான் புவாசோன்" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். இரண்டையும் சொல்ல வேண்டும். ரத்தத்தூய் என்ற காய்கறிக் கூட்டு, பிஸ்து என்ற துளசி-பூண்டு விழுது போட்ட காய்கறி சூப், ஆட்டுப்பால் சீஸ் சாலட் எங்கும் கிடைக்கும். தப்பனாத் என்ற ஆலிவ் துவையலில் பெரும்பாலும் நெத்திலி இருக்கும், கேட்டு வாங்குங்கள். நீமின் பிரந்தாத் பிசைந்த உருளைக்கிழங்கு போலத் தெரியும், ஆனால் உப்புக் கருவாடு. மார்செயில் பனீஸ் என்று கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து, வெட்டிப் பொரிப்பார்கள். நமக்கு உடனே பிடித்துவிடும். குடிக்க "ஊன் கராஃப் தோ" கேட்டால் குழாய்த் தண்ணீர் ஜாடியில் இலவசமாக வரும், நல்ல தண்ணீர்தான்.

புதன்: மார்செய்

கி.மு. 600 வாக்கில் ஃபோசியாவிலிருந்து வந்த கிரேக்கர்கள் தொடங்கிய ஊர். வரலாற்றுக் காட்சியகத்தை ஒட்டிய தோட்டத்தில் பழைய துறைமுகத்தின் கல் மேடை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் பழைய துறைமுகத்தின் வடகரைக்கு வாருங்கள். அங்கே வரிசையாக நிற்கும் கட்டடங்கள் புதியவை. 1943-இல் ஜெர்மானியப் படை அந்தப் பேட்டையின் 20,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, சுமார் 1,500 கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தது. தப்பித்த பகுதி மேலே லெ பனியே மேடு. அதன் சந்துகளில் ஏறி இறங்கி, 2013-இல் திறந்த மூசெம் வரை நடந்தால் பொழுது சரியாக இருக்கும்.

மறுநாள் கிளம்பும்போது செய்ன்ஷார்ல் ரயில் நிலையத்தின் பெரிய படிக்கட்டு வழியாகப் போங்கள், 104 படி. விமான நிலையப் பேருந்தும் மேலேயிருந்துதான் புறப்படும், அரை மணி நேரப் பயணம். 1927-இல் திறந்த அந்தப் படிக்கட்டின் கீழே இரு பக்கமும் இரண்டு கல் பெண்கள் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். ஒன்று ஆப்பிரிக்கக் குடியேற்றங்கள், இன்னொன்று ஆசியக் குடியேற்றங்கள். புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் அந்த ஆசியக் கணக்கில்தான் இருந்தன. மெசாஜெரி மாரித்தீம் கம்பெனியின் கப்பலில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழர்கள் இறங்கிய துறைமுகம் இதுதான். பாரிஸ் ரயிலைப் பிடிக்க அவர்களில் பலர் இதே படிகளில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியிருப்பார்கள். நான் ஏறியபோது பள்ளிப் பிள்ளைகள் சிலர் அந்தச் சிலையின் நிழலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.